வளவு பிறந்த கதை

கல்முனைப் பக்கம் வந்து "இங்கே பழத்தோட்டம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். தோட்டம் என்றால் எங்களுக்குத் தென்னந்தோட்டம். அதை விட்டால் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம். மாங்காயும் கொய்யாவும் மாதுளையும் எங்கே காய்க்கின்றன என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வரும்: "வளவுக்குள்ள." பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை, தமிழ் ஊரானாலும் முஸ்லிம் ஊரானாலும், மனிதன் கைபட நட்ட பழமரம் நிற்கிற நிலத்துக்கு இந்தக் கரையில் வழங்கும் பேர் வளவுதான்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் பழமும் இல்லை, மரமும் இல்லை. வளை என்ற வினை இருக்கிறது. சுற்றி வளைத்தது வளவு. வளையம், வளையல், வளாகம் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். வளைத்து அடைத்த இடத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்று சொல் எதுவும் சொல்லவில்லை. அதனால் ஊருக்கொரு பொருள் வந்து அதற்குள் குடியேறிவிட்டது. செட்டிநாட்டில் வளவு என்றால் வீட்டுக்குள் நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் அறைகளும். கொங்குநாட்டில் நாலைந்து வீடுகள் சேர்ந்த சிறு குடியிருப்பு வளவு; மேட்டு வளவு, பள்ள வளவு என்று ஊர்ப்பகுதிக்கே பேர் இருக்கும். சிங்களத்தில் பிரபுக்கள், முதலியார்களின் மாளிகைக்கு வளவ்வ என்று பேர். அது தமிழ் வளவிலிருந்து போனதென்றே பலரும் சொல்கிறார்கள். அங்கே மாளிகை, அங்கே முற்றம், அங்கே தெரு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எங்கள் கரையிலும்தான் வளவு என்றதும் மரம் கண்ணுக்குள் வருகிறது. வீடும் கிணறும் அதற்குள் உண்டு என்றாலும், "நல்ல வளவு" என்று ஒருவர் சொன்னால் அவர் புகழ்வது வீட்டை இல்லை.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குப் பதில் இந்த நிலத்திலேயே இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. எங்கள் பேச்சில் வட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் மேடு. ஊர்கள் எல்லாம் அந்த மணலில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன: மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. வட்டையில் நெல்லைத் தவிர வேறு எதையும் நட யாருக்கும் மனம் வராது. பெருநிலக்காரரான போடியாருக்குப் பெருமை நெல் ஏக்கரில்தான். ஆகவே மரத்துக்குக் கிடைத்தது வீட்டைச் சுற்றிய மணல் மட்டும். அந்த மணலில் மழை ஐப்பசிக்குப் பிறகு மூன்று நான்கு மாதம் கொட்டும், மற்ற மாதங்களில் கச்சான் காற்று தோலை உரிக்கும். அறுவடை முடிந்ததும் மாடுகள் அவிழ்த்து விடப்படும். கட்டாக்காலிகள் தெருத்தெருவாகத் திரியும். ஆட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாங்கன்றின் குருத்து என்றால் அதற்குப் பெருநாள் சாப்பாடு. எனவே கன்றை நடுவதற்கு முன்னால் வேலியை அடைக்க வேண்டும். வேலி இல்லாவிட்டால் மரம் இல்லை. சொல்லும் அதே வரிசையில்தான் வந்தது: முதலில் வளைத்தார்கள், பிறகு நட்டார்கள், வளைத்ததன் பேரே நட்டதற்கும் நின்றுவிட்டது.

வேலி என்றால் இன்று கண்ணில் படுகிற கொங்கிறீட் மதிலை நினைக்காதீர்கள். கிடுகு வேலியைச் சொல்கிறேன். விழுந்த தென்னோலையை வாரி எடுத்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நாலைந்து நாளில் ஓலை பதமாகி ஒருவித புளித்த வாசம் வரும். நடுமட்டையை நீளவாக்கில் பிளந்து, பாதி ஓலையைத் தரையில் போட்டு, மட்டையைக் குதிகாலால் அழுத்திக்கொண்டு இலக்குகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் விட்டுப் பின்னுவார்கள். பெரும்பாலும் பெண்கள் வேலை. கை பழகியவர் பேசிக்கொண்டே பின்னுவார், கண் அதில் இராது. காயவைத்து அடுக்கி, மாரி தொடங்குமுன் கதியாலில் வரிச்சு கட்டி, கிடுகை அதில் சாத்தி இறுக்குவார்கள். கதியால் என்பதும் வெறும் கம்பு இல்லை: பூவரசு, கிளுவை, முள்முருக்கை. நட்ட மறு மாரிக்கே துளிர்த்துவிடும், ஆட்டுக்குக் குழை ஆகும். வேலியே பயிரை மேய்ந்த கதை தெரியும். இங்கே வேலியே பயிராகிவிடுகிறது.

வேலிக்குள் எது எங்கே என்பதற்கு எழுதாத ஒழுங்கு ஒன்று இருந்தது. கிணற்றடியில் வாழையும் தேசியும், குளித்த தண்ணீர் வீணாகாமல். குசினிக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும். வேலி ஓரமாகத் தென்னை. வாசலில் மா, நிழலுக்கும் பேச்சுக்கும். இடைவெளிகளில் கொய்யா, மாதுளை, பப்பாசி, அன்னமுன்னா, ஜம்பு. வசதியான வளவில் ஒரு ஈரப்பலா. இவற்றில் கொய்யாவும் பப்பாசியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் காலத்தில் கப்பலேறி வந்தவை. கொய்யா என்ற பேரே அவர்களுடைய கோயாபாவின் தேய்வு. எதிர்த்திசையிலும் கப்பல் போயிருக்கிறது: நம்முடைய மாங்காய்தான் அவர்கள் வாயில் மங்கா ஆகி, ஆங்கிலேயன் வாயில் மேங்கோ ஆனது. பேர்கள் கடல் கடந்து வந்தும் போயும் இருக்க, அவை எல்லாம் சேர்ந்து நின்ற இடத்துக்கு மட்டும் பழைய தமிழ்ப் பேர்.

வேலிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முஸ்லிம் ஊர்களில் கிடுகு வேலி ஆளுயரத்துக்கு மேலே போகும். உள்ளே பெண்கள் முக்காடு தளர்த்தி நடமாடுகிற வெளி அது. பகலில் ஆண்கள் வட்டைக்கோ கடைக்கோ கடலுக்கோ போய்விடுவார்கள். மரத்துக்குத் தண்ணீர் விட்டவரும், அணில் கொறித்ததைக் கண்டு கத்தியவரும், முதல் பழத்தைப் பறித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவரும் பெண்கள். இந்தக் கரையின் பழமரங்கள் பெண் வளர்த்த மரங்கள் என்று தயங்காமல் எழுதலாம். அவற்றின் உடைமையும் பெண் வழிதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் மட்டும்தான் மரத்தை விட்டுவிட்டு வேலிக்குப் பேர் வைத்தோமா என்றால், இல்லை. உலகத்தில் பாதிப்பேர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பழத்தோட்டத்துக்கு ஓர்ச்சட் என்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் அது ஒர்ட்யேர்ட். பின்பாதியான யேர்ட் என்றால் அடைத்த இடம், நம்முடைய வளவேதான். முன்பாதி பூண்டு செடியைக் குறிக்கும் பழைய சொல் என்பார் சிலர். தோட்டத்துக்கான லத்தீன் சொல்லான ஹோர்ட்டுஸ் என்பார் வேறு சிலர். ஹோர்ட்டுஸ் என்பதே சரியானால் வேடிக்கை: ஹோர்ட்டுஸும் யேர்ட்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை, இரண்டுக்கும் அடிப்பொருள் அடைப்பு. வளவு வளவு என்று இரண்டு தரம் சொன்ன மாதிரி ஆகிறது. வடமொழியில் வாட என்றால் வேலி, அடைப்பு. அதிலிருந்து வாடிகா, தோட்டம். அதே குடும்பத்து வாடீ தமிழுக்கு வந்து மரவாடி, மீன்வாடி ஆயிற்று. எங்கள் கடற்கரையில் கரைவலைக்காரர் படுத்தெழும்புகிற வாடிக்கும் ராமாயணத்து அசோகவனத்தின் வடமொழிப் பேருக்கும் சொல்வழி உறவு உண்டு என்று சொன்னால் எங்கள் தோணிக்காரர்கள் சிரிப்பார்கள்.

இதில் எல்லாம் பெரிய பயணம் போன சொல் பழைய ஈரானிய மொழியில் பிறந்தது. பைரி என்றால் சுற்றி. தயேஸ என்றால் எழுப்பிய சுவர். பைரிதயேஸ, சுற்றுச்சுவர் எழுப்பிய இடம். பாரசீக அரசர்கள் மரமும் தண்ணீரும் வைத்து அடைத்த பூங்காக்களுக்கு அந்தப் பேர். கூலிப்படையோடு அந்த நாட்டுக்குள் போய்த் திரும்பிய கிரேக்கரான செனபோன், கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் எழுதியபோது அதைப் பரதெய்சொஸ் என்று கிரேக்கத்துக்குள் கொண்டுபோனார். விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கு அந்தச் சொல்லையே போட்டார்கள். அது பரடைஸ் ஆயிற்று. எபிரேயத்தில் பர்தேஸ் என்று நின்று, இன்றும் தோடம்பழத் தோட்டத்தைக் குறிக்கிறது. அரபியில் அது பிர்தௌஸ்.

பிர்தௌஸ் எங்கள் ஊரில் யாருக்கும் அந்நியச் சொல் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வந்தால் முடிவில் மறைந்தவருக்கு ஜன்னதுல் பிர்தௌஸ் கிடைக்கப் பிரார்த்திப்பார்கள். அந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னத் என்பது அரபியில் மூடுதல், மறைத்தல் என்ற வேரிலிருந்து வருவது. கண்ணுக்கு மறைந்திருப்பதால் ஜின் என்ற பேர் வந்ததும், வயிற்றுக்குள் மறைந்திருப்பதால் கருவுக்கு ஜனீன் என்ற பேர் வந்ததும் அதே வேரில்தான். மண் தெரியாதபடி மரங்கள் கவிந்து மூடிய இடம் ஜன்னத். சொல்லின் உடம்பைப் பார்த்தால் ஜன்னத் நிழல், பிர்தௌஸ் வேலி. இரண்டையும் சேர்த்தால் எங்கள் உம்மாமார் வளவு என்று சொன்னதுதான் வருகிறது. பாலையில் வாழ்ந்தவனுக்கும் மணலில் வாழ்ந்தவனுக்கும் சொர்க்கம் பற்றிய கற்பனை ஒன்றாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

வெள்ளிக்கிழமைகளில் எங்களில் பலர் ஓதுகிற கஹ்பு அத்தியாயத்தில் இரண்டு தோட்டக்காரன் கதை ஒன்று வரும். திராட்சைத் தோட்டங்கள் இரண்டு, சுற்றிவர ஈச்சமரம், நடுவே பயிர், ஊடே ஆறு. உடைமைக்காரன் இது என்றைக்கும் அழியாது என்று பெருமையடிக்கிறான், அழிந்துபோகிறது. படிப்பினை எல்லோருக்கும் தெரியும், ஹஸ்ரத்மார் சொல்லாத வருடம் இல்லை. எனக்குக் கண் போவது வேலியில்: அங்கே கம்பும் கல்லும் இல்லை, ஈச்சமரமே வேலி. எங்கள் வேலியோரத் தென்னை மாதிரி. பிர்தௌஸ் என்ற சொல்லும் அதே அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் வருகிறது; குர்ஆன் முழுவதிலும் அது வருவது இரண்டே இடத்தில்.

மதீனாவின் பேச்சு இன்னும் வெளிப்படை. நபிமொழிகளில் மதீனத்து ஈச்சந்தோட்டங்களுக்கு ஹாயித் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஹாயித் என்றால் சுவர். சுவரைச் சொன்னால் தோட்டம் என்று கொள்ள வேண்டும், அவ்வளவு பழக்கம். மதீனாவில் அபூதல்ஹா என்ற தோழருக்குப் பள்ளிவாசலுக்கு எதிரே பைருஹா என்றொரு தோட்டம் இருந்தது, அவருடைய சொத்தில் அவருக்கு மிகப் பிரியமானது. விருப்பமானதைக் கொடுக்காதவரை நன்மையை அடையமாட்டீர்கள் என்ற கருத்தில் வசனம் இறங்கியதும் அதைத் தருமமாக விட்டுவிட வந்தார். உறவினருக்குள் பங்கிட்டுக் கொடுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள், அவரும் அப்படியே செய்தார். ஒரு வளவு பங்கு பிரிந்த முதல் கதைகளில் ஒன்று இது என்று எனக்குத் தோன்றும். எங்கள் கரையில் அது எப்படிப் பிரிந்தது என்பதற்குப் போகுமுன் ஒரு நியாயம் செய்ய வேண்டும்: தமிழில் வேலியை மறந்து மரத்தை மட்டும் பார்த்த சொல்லும் உண்டு.

அது தோப்பு. தொகு என்பதன் வழி வந்தது என்பது அகராதிக்காரர் சொல்வது: தொகுப்பு, தோப்பு. பகுதி பாதி ஆனதும் மிகுதி மீதி ஆனதும் எப்படியோ அப்படி. மரங்கள் கூடி நின்றால் தோப்பு; வேலி இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். தமிழிலும் தெலுங்கிலும் கிடந்த இந்தச் சொல்லை இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் டோப் என்று பிடித்துக்கொண்டார்கள். மாந்தோப்பு நிழலில்தான் அவர்களுடைய படைகள் கூடாரம் அடிக்கும். 1757இல் பலாசிப் போரன்று கிளைவின் படை அடைந்து கிடந்ததும் ஒரு மாந்தோப்பில். ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் டோப் என்ற சொல்லுக்கு மூன்று தனித்தனிப் பொருள் போட்டிருக்கிறார்கள்: பீரங்கி, பழத்தோப்பு, பௌத்தத் தூபி. மூன்றுக்கும் மூன்று வேர். வட இந்தியாவில் ஆங்கிலேயர் எல்லோரும் மாந்தோப்பை டோப் என்கிறார்கள், ஆனால் அந்த ஊர் மக்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது என்று அகராதியே சொல்கிறது. தென்னாட்டுச் சொல்லைக் கற்ற துரைமார் அதை வடக்கே கொண்டுபோய், அங்கத்தவர் மொழி என்று நம்பிப் பேசியிருக்கிறார்கள். இலங்கை பற்றி எழுதியவர்களும் பனந்தோப்பைக் கண்ட இடமெல்லாம் டோப் என்றே எழுதினார்கள். எங்கள் கரையிலோ தோப்பு பாடப்புத்தகச் சொல்லாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டுரையில் வரும், வாயில் வராது.

ஊர்ப்பேர்களில் மரம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. மருதமுனையில் மருது, சாய்ந்தமருதில் சாய்ந்து நின்ற ஒரு மருது, பாலமுனையில் பாலை, ஆலையடிவேம்பில் வேம்பு, வடக்கே மட்டக்களப்புப் பக்கம் கொக்கட்டிச்சோலையில் கொக்கட்டி. மாவடிப்பள்ளியின் மாவை விட்டால் மற்றதெல்லாம் மனிதன் நடாத மரம். வந்தவன் கண்ட மரத்துக்கடியில் இறங்கி, அதன் பேரைச் சொல்லி ஊரை அடையாளம் காட்டினான். நட்ட மரம் ஊர்ப்பேர் ஆவதில்லை. அது யாருடையது என்ற கேள்வி உடனே வந்துவிடும், ஊருக்குப் பொதுவாக இராது.

யாருடையது என்ற கேள்விக்குப் பதில் எழுதுகிறவர் நொத்தாரிசு. பழைய காணி உறுதிகளில் எல்லை நான்கையும் சொல்லி முடித்த கையோடு வீடு, கிணறு, வான்பயிர் என்று போவார்கள். வடபகுதி உறுதிகளில் இது அதிகம். வான்பயிர் என்பது வானத்துப் பயிர் என்று நினைக்க வைக்கும். வான் என்பதற்கு உயர்ந்த, பெரிய என்றும் பொருள் உண்டு. வாழை, கரும்பு, வெற்றிலை, பழமரம் போன்ற மேலான பயிருக்கு வான்பயிர், வரகு சாமை வகைக்குப் புன்பயிர் என்பது பழைய வகுப்பு. தமிழ்நாட்டுப் பழைய கல்வெட்டுகளின் வரிக் கணக்குகளிலும் வான்பயிர் தலைகாட்டும். அரசனுக்கு வரி கிடைக்கிற மரம் மேலான மரம், வேறென்ன அளவுகோல்?

மரத்துக்கு நிலத்தை விட்டுத் தனி உடைமை இருக்கலாம் என்பது இலங்கையின் பழைய வழக்கு. நிலம் ஒருவருக்கு, தென்னை இன்னொருவருக்கு, அந்தத் தென்னையிலும் அரைப்பங்கு கால்பங்கு. பிரித்தானிய ஆட்சியில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலில், காலி மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறார்: பத்துத் தென்னை மரங்களில் 2,520இல் ஒரு பங்கு கேட்டு வழக்கு. எத்தனை தேங்காய் ஓட்டுத் துண்டு அவருக்குக் கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் கரையில் பங்கு பிரிந்த விதம் வேறு. இங்கே குடி தாய்வழி. கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வர வேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இந்த வழக்கம் பொது. 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மூத்தவள் கலியாணம் முடித்ததும் இருந்த வீடு அவளுக்கு. வாப்பாவும் உம்மாவும் இளையவர்களைக் கூட்டிக்கொண்டு அதே வளவின் இன்னொரு மூலையில் வீடு எழுப்பிப் போவார்கள். அடுத்தவளுக்கு அந்த வீடு. இப்படி ராத்தா ஒரு பக்கம் தங்கச்சி மறுபக்கம் என்று வளவு துண்டாகும். துண்டுக்கு நடுவில் போடுகிற வேலியில் ஆள் நுழைய ஒரு இடைவெளி விட்டுத்தான் அடைப்பார்கள். கறிச்சட்டி அதனூடாகத்தான் போய்வரும். மரம் எந்தப் பக்கம் நின்றாலும் பழம் இரண்டு வீட்டுக்கும். மூன்று பெண் பிள்ளை உள்ள வாப்பாவின் வளவு ஒரு தலைமுறையில் மூன்றாகிறது, அடுத்ததில் ஏழோ எட்டோ ஆகிறது. பெண்களுக்கு வாழ்வு கொடுத்த இந்த வழக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தைத் தின்றதும் அதுதான். அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

கணக்குப் பார்த்தால் விளங்கும். இங்கே காணி அளப்பது பேர்ச்சில். ஏக்கருக்கு 160 பேர்ச். தென்னைக்குத் தென்னை 26 அடி விட்டு நடச் சொல்கிறது தெங்கு ஆராய்ச்சி நிலையம். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 64 மரம், ஒரு தென்னைக்கு இரண்டரைப் பேர்ச். இன்று ஒரு பெண்ணுக்கு 10 பேர்ச் கொடுத்தால் பெரிய மனசு என்பார்கள். 10 பேர்ச்சில் நாலு தென்னை நிற்கும், வீடு கட்டாமல் விட்டால். வீட்டைக் கட்டி, கிணறு தோண்டி, மலக்குழி வெட்டி, மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் விட்டபிறகு மிஞ்சுவது ஒரு முருங்கைக்குப் போதும்.

மனிதன் வெட்டாமல் மிஞ்சியதைக் காற்றும் கடலும் பார்த்துக்கொண்டன. 1978 நவம்பர் 23ஆம் தேதி இரவு கிழக்குக் கரையில் அடித்த சூறாவளியில் சரிந்த தென்னைகளுக்குக் கணக்கில்லை. வயது சொல்லத் தெரியாத முதியவர்கள் இன்னும் "சூறாவளிக்கு முந்திப் பிறந்தவன்" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் மரத்தைப் பற்றிப் பேசவே கூசும். ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்: உப்புத் தண்ணீர் ஏறி நின்ற வளவுகளில் வாழையும் மாவும் ஈரப்பலாவும் கருகின, தென்னை மட்டும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. கிடுகு வேலிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு எழும்பியதெல்லாம் மதில். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சட்டம் போட்டார்கள். போவதற்கு வேறு காணி எங்கே இருந்தது? கல்முனையில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். அதற்குக் கிரீன் பீல்ட் என்று பேர். வளவு இல்லாத முதல் தலைமுறை அங்கேதான் பிறந்தது.

அரசாங்கத்துக்கு வளவு என்ற சொல் தெரியாது. அதன் காகிதங்களில் இருப்பது வீட்டுத்தோட்டம், சிங்களக் கெவத்தவுக்கு நேர்த் தமிழ். 2022இல் நாட்டில் டொலரும் இல்லை, உரமும் இல்லை என்றபோது, அந்த ஜூன் மாதம் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். எங்கள் பக்கத்தில் வெள்ளி லீவு என்றால் யாரும் வேண்டாம் என்பார்களா? ஜும்ஆவுக்கு ஆறுதலாகப் போகலாம். நாலைந்து பேர் மொட்டை மாடியில் உரப்பையில் மிளகாயும் கத்தரியும் வைத்தார்கள். மதிலில் கொடித்தோடை ஏற்றியவரும் உண்டு, பீப்பாயை வெட்டித் தேசிக்கன்று நட்டவரும் உண்டு. வேலைக்காகிறது, என் வீட்டுத் தேசியும் பீப்பாயில்தான் நிற்கிறது. வளவு என்று அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சொல் சாகவில்லை. முகநூலிலும் மின்கம்பத்திலும் தினம் காண்கிறேன்: சாய்ந்தமருதில் 8 பேர்ச் வளவு விற்பனைக்கு, நிந்தவூரில் 12 பேர்ச் வெற்று வளவு, தெளிவான உறுதி. வெற்று வளவு என்றால் வீடும் இல்லை மரமும் இல்லை, நேரே அத்திவாரம் வெட்டலாம் என்று அர்த்தம். விலை பேசுகிற இடத்தில் மாவோ பலாவோ நின்றால் பேச்சு கொஞ்சம் இழுபடும். தறிக்கிற கூலி வாங்குகிறவன் தலையிலா, விற்கிறவன் தலையிலா என்பதை முதலில் பேசி முடித்துக்கொள்வார்கள்.